கிணற்றில் பெட்ரோல் வாடை: சுத்தம் பண்ண எங்கிருந்து தொடங்குவது?

நாங்குநேரித் தம்பி:
எல்லோருக்கும் வணக்கம். நாங்குநேரிக்குத் தெற்கே நாலுவழிச் சாலையை ஒட்டின ஊர் எங்களுடையது. சாலையோரம் பழைய பெட்ரோல் பல்க் ஒன்று இருந்தது, மூடிச் சில வருஷம் ஆகிறது. மெஷினையும் கூரையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தரைக்குள் கிடந்த டாங்க்கைத் தோண்டி எடுத்தார்களா, மண்ணைப் போட்டு மூடிவிட்டார்களா என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதற்குக் கிழக்கே ஒரு வயல் தள்ளிப் பெரியப்பா கிணறு, 20 அடி விட்டம், இப்போது 15 அடி தண்ணீர் கிடக்கும். போன கோடையில் தண்ணீர் இறங்கினதும் வாடை அடிக்க ஆரம்பித்தது, மேலே எண்ணெய்ப் படலம். ஐப்பசி மழையில் வாடை போய்விட்டது, பங்குனியில் மறுபடி வந்துவிட்டது.

தென்கிழக்கே வாழைக்காரர்களின் போர் நாலு இருக்கிறது. இன்னும் கிழக்கே குளம், குளத்துக் கரையில் ஊராட்சியின் குடிதண்ணீர் போர்.

இப்போது ஒரு கம்பெனி ஆள் வந்து, நிலத்துக்குள் காற்றை அடித்து ஆறு மாதத்தில் சுத்தம் செய்து தருவோம் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். பெரிய தொகை. இடத்துக்காரர் பாதி தருகிறாராம், மீதியை ஊரில் வசூல் பண்ணலாமா என்று பேச்சு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தூர்வாரி:
தம்பி, கொட்டேஷன் இருக்கட்டும், அந்தக் கிணற்றுக்குள் யாரும் இறங்கக் கூடாது. கயிறு கட்டி இறங்கினாலும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றுக்குள்ளேயே தங்கிக் கிடக்கும். காற்றில் அது 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். உள்திட்டில் மோட்டார் வைத்திருந்தால் ஃபீஸைப் பிடுங்கிவிடுங்கள், ஸ்டார்ட்டர் பொறி ஒன்று போதும். பீடியோடு எட்டிப் பார்க்கிற பெருசுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாங்கள் தூர் எடுக்கப் போனால் முதலில் மோந்துதான் பார்ப்போம். இந்த வாடை வந்தால் கூலி எவ்வளவு சொன்னாலும் திரும்பிவிடுவோம்.

பாளை நிலநீர்:
தூர்வாரி அண்ணாச்சி சொன்னதுதான் முதல் வேலை. நான் நிலத்தடி நீர் வேலையில் இருக்கிறவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

மழையில் வாடை போனதை வைத்துச் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோல் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் முக்கால் கிலோதான் இருக்கும். கசிந்தது இறங்கிப்போய் நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் படியும். கோடையில் மட்டம் இறங்கும்போது அதுவும் கூடவே இறங்கி, வழியில் இருக்கிற சரளை, சுக்கான், பாறை வெடிப்பு எல்லாவற்றிலும் பூசிக்கொண்டே போகும். மழையில் மட்டம் ஏறினால் பூசினதெல்லாம் தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். கிணற்றில் படலம் தெரியாது, ஆனால் சரக்கு அங்கேயேதான் இருக்கிறது, சுற்றியுள்ள தண்ணீரில் கரைந்துகொண்டும் இருக்கிறது. பங்குனியில் மட்டம் இறங்கினதும் வடிந்து மறுபடி கிணற்றுக்கு வருகிறது. உங்கள் பெரியப்பா பார்த்தது இதைத்தான்.

அளவைப் பாருங்கள். 20 அடி விட்டக் கிணற்றில் படலம் 1 மில்லிமீட்டர் கனம் இருந்தாலே 29 லிட்டர் ஆகிவிடும். வெறும் வண்ணம் மினுங்குகிற படலம் என்றால் அதில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. அதனால் படலம் என்று மட்டும் சொன்னால் போதாது, கனம் தெரிய வேண்டும். கண்ணாடி மாதிரித் தெரிகிற பெய்லர் குழாய் கிடைக்கும், கரையில் நின்று கயிற்றில் விட்டு எடுத்தால் மேலே பெட்ரோல், கீழே தண்ணீர் என்று தனித்தனியாகக் கோடு தெரியும். ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம்.

கரைந்துபோன பங்குதான் இதைவிடப் பொல்லாதது. இப்போதைய பிஎஸ் 6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம் இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி, அதாவது சுமார் 8.8 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கிற பென்சீன் 8.8 லட்சம் லிட்டர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுவரப் போதும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எழுபதுக்கு மேல் நிற்க வேண்டும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் வரவைக்கும் பொருள். அதை மூக்கு கண்டுபிடிக்கிற அளவு இந்த 10 மைக்ரோகிராமைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே வாடை இல்லாத போர் நல்ல போர் என்று நினைக்கவே கூடாது.

காய்ச்சிக் குடிக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். ஆவியாகி அடுப்படியில் நிற்கிறவர் மூச்சில் போகும். வீட்டு ஆர்ஓ மெஷினையும் நம்பாதீர்கள்.

மானூர் சம்சாரி:
இவ்வளவு எதுக்கு? ஆயில் எஞ்சின் வைத்து ரெண்டு வாரம் விடாமல் இறைத்து ஓடையில் விட்டால் புது ஊற்றுத் தண்ணீர் வந்துவிடும். பல்க் இடத்து மண்ணை ஜேசிபி வைத்து அள்ளி வேறு மண் கொட்டினால் ஆச்சு. எங்கள் பக்கம் டீசல் கொட்டின இடத்தில் அப்படித்தான் செய்தோம், இப்போது உளுந்து விளைகிறது.

பாளை நிலநீர்:
அண்ணாச்சி, மேல்மண்ணில் கொட்டின டீசலுக்கு நீங்கள் செய்தது சரி. அள்ளி எடுக்கலாம், மிச்சத்தை மண்ணில் இருக்கிற நுண்ணுயிரே தின்றுவிடும். இது கிணற்று மட்டத்துக்கு இறங்கினது. பல்க் இடத்தில் டாங்க்கும் அதைச் சுற்றி ஊறின மண்ணும் இருந்தால் எடுக்கத்தான் வேண்டும், ஊற்றை மூடாமல் தண்ணீரைச் சுத்தம் பண்ணப் போவதில் அர்த்தம் இல்லை. ஆனால் பாறை வெடிப்புக்குள் போனதை ஜேசிபி எடுக்காது. எடுத்த மண்ணை யாருடைய பொட்டலிலும் கொட்டவும் முடியாது, அது அபாயகரக் கழிவு.

இறைப்பது இன்னும் மோசம். பெரியப்பா கிணற்றை இறைத்தால் அது பல்க் பக்கமிருந்து பெட்ரோலை வேகமாக இழுக்கும், மட்டம் இறங்கி இன்னும் ஆழத்தில் பூசும். ஓடையில் விட்டது குளத்துக்குத்தான் போகும். ஆயில் எஞ்சினைக் கிணற்றுமேட்டில் ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று தூர்வாரி ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

தம்பி, இந்த விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல நினைப்பது ஒன்றுதான். மெஷின் வாங்குவதற்கு முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிய வேண்டும், அதுவும் கோடைக்கு ஒரு தடவை, குளம் பெருகின பிறகு ஒரு தடவை. ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளின் நீர்மட்டம் தெரிந்தால் சரிவு எந்தப் பக்கம் என்று வரைந்துவிடலாம். நம் சீமையில் நிலம் பொதுவாக மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது, கோடையில் நிலத்தடி நீரும் பல்க்கிலிருந்து கிணறு, கிணற்றிலிருந்து குளம் என்றுதான் போகும் என்பது என் ஊகம். கார்த்திகையில் குளம் நிறைந்தால் குளத்தடியில் மட்டம் மேடாக ஏறிவிடும். அப்போது ஓட்டம் நிற்கலாம், பின்னால் திரும்பலாம், பக்கவாட்டில் வாழைக்காரர்கள் போர் பக்கம் தள்ளலாம். வெளியூர்க் கம்பெனிகள் ஒரே நாளில் அளந்து ஒரு அம்புக்குறி போட்டு ரிப்போர்ட் கொடுத்துவிடும். குளத்துப் பாசனம் உள்ள ஊரில் அந்த ஒரு அம்புக்குறியை நம்பி மெஷின் வைத்தால், பாதி வருஷம் அது தவறான இடத்தில் நிற்கும்.

இதைவிடப் பெரிய இழுவை ஊராட்சி போர். தினமும் ஓடுகிற போர் தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் இழுக்கும். நம் பக்கத்துப் போர்களில் மேலே உளுத்த பாறை வரைக்கும்தான் கேசிங் பைப்பு இருக்கும், அதற்குக் கீழே வெறும் ஓட்டை. அந்த ஓட்டை கீழே இருக்கிற வெடிப்புகளை எல்லாம் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். ஆகவே முதல் சாம்பிள் பெரியப்பா கிணற்றில் வேண்டாம், அது கெட்டது என்று தெரிந்ததுதானே. முதல் சாம்பிள் ஊராட்சி போரில் எடுங்கள். ரிசல்ட் வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் ஏற்பாடு பண்ணச் சொல்லுங்கள்.

டிப்ராடு:
பல்க் மேனேஜராகப் பல வருஷம் இருந்தவன் என்ற முறையில் சில விஷயம்.

டாங்க் எங்கே, எத்தனை, எது பெட்ரோல், எது டீசல் என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம். வெடிபொருள் துறையில், இப்போது பெசோ என்கிறார்கள், லைசென்சோடு அங்கீகரித்த வரைபடம் இருக்கும். டாங்க், குழாய், ஃபில் பாயின்ட், வென்ட் எல்லாம் அதில் அளவோடு வரைந்திருக்கும். தோண்டி எடுத்திருந்தால் அதற்கும் காகிதம் இருக்க வேண்டும். இல்லை என்றால் டாங்க் உள்ளேதான் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது ஸ்டாக் ரிஜிஸ்டர். தினமும் காலையில் டாங்க்கில் டிப் போடுவோம். பித்தளைக் கோலை விட்டு எடுத்து, நனைந்த அளவைப் படித்து, சார்ட்டில் லிட்டர் பார்த்து எழுதுவோம். கோலின் நுனியில் வாட்டர் பேஸ்ட் தடவியிருப்போம், அடியில் தண்ணீர் இருந்தால் அது நிறம் மாறும். அந்தப் பேஸ்ட் நிறம் மாறுவது அடிக்கடி நடந்திருந்தால் டாங்க்கில் எங்கேயோ ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும், மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வருகிற ஓட்டை வழியாகக் கோடையில் பெட்ரோல் வெளியே போகும். விற்ற கணக்குக்கும் டிப் கணக்குக்கும் இருக்கிற வித்தியாசத்தைச் சூட்டில் ஆவியானது என்று தள்ளிவிடுவார்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் ஒன்றும் தெரியாது. மாதக்கணக்கில் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போயிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எவ்வளவு போனது என்று தோராயமாகவாவது சொல்லக்கூடிய ஒரே புத்தகம் அதுதான், பழுப்பேறிக் கிடந்தாலும் நகல் கேளுங்கள்.

டாங்க்கைவிடக் குழாய் இணைப்பில்தான் அதிகம் கசியும். டாங்க் குழியை மட்டும் பார்த்துவிட்டு மண் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மெஷின் நின்ற மேடைக்கு அடியிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டப்பக்கம்:
ஊரில் வசூல் பண்ணுவது பற்றி மட்டும் பேசுகிறேன். பண்ணாதீர்கள். மாசுபடுத்தினவர்தான் செலவு செய்ய வேண்டும் என்பது நம் சட்டத்தில் ஊறிப்போன கொள்கை. 2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்ப வேண்டும், வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும், அப்புறம் விரிவான ஆய்வு, பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிப்பது, அவரிடம் செலவை வாங்குவது என்று படிப்படியாகப் போகும். ஆகவே கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை மனுநாளில் ஒரு மனு, வாரியத்தின் திருநெல்வேலி அலுவலகத்துக்கு ஒரு மனு, இரண்டுக்கும் ரசீது. பல்க்குகளுக்கு மத்திய வாரியம் 2020 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டுதலில் 165 லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பீப்பாய்க்கு மேல் கசிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. தெரிவித்தார்களா என்று தகவல் உரிமையில் கேளுங்கள்.

தீர்ப்பாயம் போகிறதாக இருந்தால் காலக்கெடுவைக் கவனியுங்கள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 14-ஆம் பிரிவில் ஆறு மாதம், நிவாரணமும் இடத்தை மீட்டுத் தருவதும் கேட்கிற 15-ஆம் பிரிவில் ஐந்து வருஷம். உங்களுக்குப் பொருந்துவது 15. தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. 2013-ல் சென்னை தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீட்டுப் போர்களில் பெட்ரோலியம் வந்தது, அந்த விவகாரமும் அங்கேதான் போனது.

இடத்துக்காரர் பாதி தருகிறேன் என்று தானாக முன்வருகிறார் என்றால், எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பாருங்கள். பல்க்கை நடத்தினவர் யார், டாங்க் யாருடைய சொத்து என்பதெல்லாம் அப்போது வெளியே வரும்.

பொதிகைக்காற்று:
நல்லாப் பேசுறீங்க. 90 நாள், ரெண்டு பருவம், மனு, ரசீது. அதுவரை அந்த வாழைக்காரன் என்ன பண்ணுவான்? சேரன்மகாதேவிப் பக்கம் ஆத்துத் தண்ணி பாயிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கிணற்றை மூடு என்று சொல்வது லேசு, நாங்குநேரி வறண்ட காட்டில் ஒரு போரை நிறுத்தினால் குலை தள்ளுமா?

பாளை நிலநீர்:
கோபம் நியாயம்தான். நாலு போரையும் நிறுத்தச் சொல்லவில்லை. நாலையும் சோதித்துப் பாருங்கள், பல்க்குக்குக் கிட்ட இருக்கிறதை முதலில். சுத்தமாக வந்தது ஓடட்டும், ஆனால் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மாட்டுக்குக் காட்டுகிற தண்ணீரையும் கணக்கில் சேருங்கள்.

நாங்குநேரித் தம்பி:
ரொம்ப நன்றி. மோட்டார் ஃபீஸ் எடுத்தாச்சு, கிணற்றைச் சுற்றி வேலி போட்டாச்சு. ஊராட்சியில் பேசினோம், கூட்டுக்குடிநீர் லாரி ஒரு நடை விடுகிறார்கள். குடிநீர் வாரிய லேபில் கேட்டால் உப்பு, கடினத்தன்மை, ஃபுளோரைடு எல்லாம் பார்ப்போம், இது வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள். வாட்டர் பாட்டிலில் பிடித்து பஸ்ஸில் அனுப்பலாமா?

சோதனைக்குழாய்:
வாட்டர் பாட்டில் வேண்டவே வேண்டாம். பென்சீன் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும், லேபும் இல்லை என்று எழுதிவிடும். என்ஏபிஎல் அங்கீகாரத்தில் இந்தச் சோதனை இருக்கிற லேபாகப் பார்த்து, அவர்களிடமே 40 மில்லி பழுப்புக் கண்ணாடிக் குப்பி வாங்குங்கள், உள்ளே கொஞ்சம் அமிலம் விட்டுத்தான் கொடுப்பார்கள், அதைக் கழுவிவிடாதீர்கள். குப்பியைச் சாய்த்துப் பிடித்து, ஓரமாக மெல்ல வழியவிட்டு, வாயில் தண்ணீர் கும்மென்று மேடாக நிற்கும்வரை நிரப்பி மூட வேண்டும். மூடித் தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள், ஒரு குமிழி ஓடினாலும் அது செல்லாது, புதுக் குப்பியில் எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் 14 நாள் தாங்கும். போரில் எடுக்கும்போது தேங்கின தண்ணீர் போகும்வரை ஓடவிட்டு, அப்புறம் கேட்வால்வை நன்றாகக் குறைத்துவிட்டுப் பிடியுங்கள். ஓவர்ஹெட் டாங்க்கில் இருந்து எடுக்காதீர்கள்.

பென்சீன், டொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன், நாஃப்தலீன், எம்டிபிஇ, மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் என்று எழுதிக் கேளுங்கள். எம்டிபிஇ பெட்ரோலில் கலக்கிற ஒரு பொருள், மண்ணில் ஒட்டாது, சீக்கிரம் மக்காது, எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடும், பென்சீன் வருவதற்கு முன்பே அது தூரத்துப் போரில் தலைகாட்டலாம். லேபின் கண்டறியும் எல்லை என்ன என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அது 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் 'இல்லை' என்று வருகிற ரிப்போர்ட் உங்களுக்கு எதற்கும் உதவாது.

பாளை நிலநீர்:
இப்போது அந்தக் கொட்டேஷனுக்கு வருகிறேன். ஏர் ஸ்பார்ஜிங் என்பார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றை அடித்தால் கரைந்த பென்சீன் குமிழியோடு மேலே வரும், ஆக்சிஜன் ஏறுவதால் நுண்ணுயிரும் வேகமாகத் தின்னும். நல்ல முறைதான், மணல் பூமிக்கு. தாமிரபரணிக் கரை வண்டலில் என்றால் யோசிக்கலாம். உங்களுடையது செம்மண், சுக்கான், உளுத்த பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. காற்று எல்லா இடத்துக்கும் பரவாது, வசதியான ரெண்டு வெடிப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும், மற்ற இடம் அப்படியே கிடக்கும். ஓடின காற்று ஆவியோடு யார் கிணற்றில் போய் எட்டிப் பார்க்கும் என்றும் சொல்ல முடியாது. மேலே ஆவியை உறிஞ்சி எடுக்கிற ஏற்பாடு அந்தக் கொட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள், இல்லை என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். மிதக்கிற பெட்ரோல் இருக்கும்போதே காற்றடிப்பது அதைப் பரப்பிவிடும், ஆகவே மிதப்பதை எடுப்பது முதலில் வர வேண்டும்.

என் கையில் விட்டால் எப்படிப் போவேன் என்றால், டாங்க், குழாய், ஊறின மண் இவற்றை எடுப்பது, கிணற்றில் மிதப்பதைத் தீப்பொறி வராத, காற்றில் இயங்குகிற ஸ்கிம்மர் வைத்து எடுப்பது, பல்க்குக்கும் குளத்துக்கும் நடுவில் ஆழம் குறைந்த கண்காணிப்புத் துளைகள் போடுவது. ஆழப் போர் வேண்டாம், படலம் தெரிய வேண்டும் என்றால் ஜன்னல் பைப்பு, அதாவது தண்ணீர் உள்ளே வர வெட்டுப் போட்ட பைப்பு, நீர்மட்டத்தின் கோடை இறக்கத்தையும் மழை ஏற்றத்தையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஸ்கிம்மர் எல்லாவற்றையும் எடுத்துவிடாது, மண்ணில் ஒட்டினது ஒட்டினதுதான். அதற்கப்புறம்தான் மிச்சத்துக்கு என்ன முறை என்ற பேச்சு.

அந்த மிச்சத்தில் பெரும்பங்கை நுண்ணுயிரிடமே விடலாம், ஆனால் சும்மா விட்டுவிடுவதில்லை, அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஒரு மில்லிகிராம் ஹைட்ரோகார்பன் தின்ன சுமார் மூன்று மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும், நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு மில்லிகிராம்தான் கரையும். ஆக்சிஜன் தீர்ந்தால் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று வரிசையாக அதைப் பயன்படுத்தும், வேகம் குறையும். கிணற்றில் ஆக்சிஜன் குறைந்து கரைந்த இரும்பு கூடியிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். எத்தனால் கலந்த பெட்ரோல் கசிந்திருந்தால் நுண்ணுயிர் முதலில் எத்தனாலைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும், பென்சீன் காத்துக்கிடக்கும், கூடத் தூரம் போகும். பல்க் எந்த வருஷம் மூடியது என்பது அதனால்தான் முக்கியம், 10 சதவீதக் கலப்பை நாடு எட்டினது 2022-ல்.

தண்ணீரை இறைத்துக் கரித்தூளில் வடிகட்டி விடுகிற முறை ஊராட்சி போரைக் காப்பாற்ற அவசரத்துக்கு உதவும். ஆனால் மோட்டாரை நிறுத்தின சில மாதத்தில் பென்சீன் மறுபடி ஏறும். ஆகவே ஒப்பந்தத்தில் ஆறு மாதம் ஓட்டினோம் என்பதற்குப் பணம் என்று எழுதாதீர்கள். எந்தத் துளையில், எந்த அளவுக்கு, நிறுத்தின பிறகு ஒரு கோடையும் ஒரு மழையும் தாண்டி நின்றால் இவ்வளவு என்று எழுதுங்கள். அப்படி எழுதச் சொன்னதும் பாதிக் கம்பெனி திரும்பி வராது.

மானூர் சம்சாரி:
ஆயில் எஞ்சின் பேச்சை வாபஸ் வாங்கிக்கிடுதேன். பெய்லர் குழாய் எங்கே கிடைக்கும்னு சொல்லுங்க, எங்க ஊரிலும் ஒரு பழைய பல்க் இருக்கு.

டிப்ராடு:
லேப் சாமான் விற்கிற கடையில் கேளுங்கள் அண்ணாச்சி, மதுரையில் சொல்லி வைத்தால் வரும். ஒரு கிணற்றுக்கு ஒன்று, மாற்றி மாற்றி விடக்கூடாது.

நாங்குநேரித் தம்பி:
மனு கொடுத்தாச்சு, ரசீதும் வந்தது. கம்பெனி ஆளுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். நீர்மட்டம் அளக்க ஏழு கிணறு தேர்ந்தெடுத்திருக்கிறோம், புரட்டாசிக் கடைசியில் ஒரு தடவை, குளம் பெருகினதும் ஒரு தடவை. ஒவ்வொரு கிணற்று வாயும் ஒவ்வொரு உயரத்தில் இருக்கிறதே, எப்படி ஒப்பிடுவது? சர்வேயர் வைக்க வேண்டுமா?

பாளை நிலநீர்:
முடிந்தால் சர்வேயர் நல்லது. இல்லை என்றால் கொத்தனாரிடம் இருக்கிற லெவல் டியூப் போதும், பொறுமையாக ஒரு கிணற்றிலிருந்து அடுத்ததற்கு மட்டத்தை எடுத்துப் போங்கள், கடைசியில் தொடங்கின கிணற்றுக்கே திரும்பி வந்து கணக்கு ஒத்துவருகிறதா பாருங்கள். ஏழையும் ஒரே காலையில், த்ரீஃபேஸ் கரண்ட் வந்து மோட்டார் போடுவதற்கு முன்னால் அளந்துவிட வேண்டும். பெரியப்பா கிணற்றில் படலம் கனமாக இருந்தால் அது தண்ணீரைக் கீழே அழுத்தியிருக்கும், அளந்த தண்ணீர் மட்டத்தின் உயரத்தோடு படலக் கனத்தில் முக்கால் பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாயிலும் எந்த இடத்திலிருந்து அளந்தீர்கள் என்று உளியால் ஒரு வெட்டு வெட்டி வையுங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள். தின்னரில் டொலுயீன் இருக்கும், ஒரு சொட்டு உள்ளே விழுந்தாலும் அடுத்த ரிப்போர்ட்டில் அதுதான் வரும்.